ஸ்ப்ராக்கெட்டும் பின் ஆக்ஸிலும் கழண்டு வரலன்னா

மோட்டோர்சைக்கிள்ல செயினும் ஸ்ப்ராக்கெட்டும் (செயின் ஓடுற பல்சக்கரம்) செட்டா மாத்தப் போறவங்க பழைய செயினை முதல் வேலையா அறுத்துப் போட்டுடாதீங்க லா, முன் ஸ்ப்ராக்கெட் நட்டை இளக்குறதுக்கு அது வேணும். செயின் மாட்டினபடியே இருக்கணும், பின் சக்கரம் தரையில இருக்கணும், ஒரு ஆளு ஏறி உக்காந்து பின் பிரேக்கை அழுத்தி மிதிக்கணும், அப்புறம்தான் நீங்க நீளமான பார் போட்டு இழுக்கணும். செயின் இல்லன்னா நட்டோட சேர்ந்து ஸ்ப்ராக்கெட்டும் சுத்தும், அப்புறம் கியர்ல போட்டு பிடிக்கப் பார்த்தா அந்த இழுப்பெல்லாம் கியர்பாக்ஸ் மேல போகும்.

இழுக்குறதுக்கு முன்னாடி நட்டு ஓரத்துல வாஷர் மடிச்சு விட்டிருக்கான்னு பாருங்க, இருந்தா உளி வச்சு நிமித்துங்க. "துரு பிடிச்சிருச்சு"ன்னு சொல்றதுல பாதி இந்த வாஷர் வேலைதான். ஹோண்டா இஎக்ஸ்5 மாதிரி காப்சாய்ல (சின்ன மோட்டோர்) பெரிய நட்டே இல்ல, 10 எம்எம் தலை போல்ட்டு ரெண்டும் ஒரு தட்டும்தான், போல்ட்டை எடுத்துட்டு தட்டை லேசா திருப்பினா வெளிய வந்துரும்.

முன் ஸ்ப்ராக்கெட்டை மூடியிருக்கிற கவர்ல இருக்கிற ஸ்டார் ஸ்க்ரூ ஜப்பான் மோட்டோர்ல ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு), சாதாரண பிலிப்ஸ் போட்டா நழுவி தலையை தின்னுடும். ஜேஐஎஸ் பிட்டு மாட்டின இம்பாக்ட் டிரைவரை (அடிச்சா தானே திருகுற ஸ்க்ரூ டிரைவர்) வச்சு சுத்தியல்ல ஒரே அடி, அவ்வளவுதான்.

இப்ப பின் ஆக்ஸில், அதாவது பின் சக்கரத்துக்கு நடுவுல போற தண்டு, நிஜமான தலைவலி இதுதான். பிறை, பட்டர்வொர்த் பக்கம் இருந்து தினம் பினாங்குப் பாலம் ஏறி பாயான் லெப்பாஸ் பேக்டரிக்குப் போற மோட்டோருக்கு மேல மழை, ரெண்டு பக்கமும் கடல் காத்து, கிரீஸ் போடாம ரெண்டு மூணு வருஷம் விட்டா ஆக்ஸில் பேரிங் உள்வளையத்தோடயும் ஸ்பேசரோடயும் (இடைவெளிக்குப் போடுற குழாய்) ஒட்டிக்கும். முதல்ல டயருக்கு அடியில கட்டை சொருகி சக்கரத்தோட பாரத்தை ஆக்ஸில்ல இருந்து எடுங்க, இதை நிறைய பேர் செய்யுறதே இல்ல. ரெண்டு பக்கமும் துரு இளக்குற எண்ணெய் அடிச்சு ராத்திரி முழுக்க விடுங்க. காலையில ஆக்ஸில் தலை ஸ்பேனர் பிடிக்கிற மாதிரி இருந்தா அடிக்கிறதுக்கு முன்னாடி திருப்பிப் பாருங்க, கொஞ்சம் திரும்பினாலே பாதி வேலை முடிஞ்சுது.

திரும்பலன்னா நட்டை மறுபடி மாட்டி ஆக்ஸில் முனைக்கு சமமா நிறுத்திட்டு அது மேல பித்தளைத் துண்டோ கெட்டிக் கட்டையோ வச்சு அடிங்க. வெறும் இரும்புச் சுத்தியல்ல நேரா அடிச்சா முனை காளான் மாதிரி விரிஞ்சு, அப்புறம் அசைஞ்சாலும் ஓட்டை வழியா வராது. சுத்தியல் எகிறி எகிறி திரும்பி வந்தா இன்னும் அசையலன்னு அர்த்தம், எண்ணெயோட செங்கல் கலர்ல தண்ணி கசிஞ்சா இளகுதுன்னு அர்த்தம், அப்ப விடாதீங்க. நட்டு அளவுக்கு உள்ள போனதும் நட்டை எடுத்துட்டு ஆக்ஸிலை விட சின்ன கம்பி வச்சு தள்ளுங்க.

சூடு காட்டுறதா இருந்தா இரும்புக்கு காட்டாதீங்க, அதைச் சுத்தியிருக்கிற அலுமினியத்துக்கு காட்டுங்க, அலுமினியம் இரும்பை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். ஹீட் கன் போதும், ஆனா பேரிங் சீலும் கிரீஸும் கெட்டுப்போகும், அதனால அந்த பேரிங்கை மாத்திடுறது நல்லது. முன் ஸ்ப்ராக்கெட் பக்கம் சூடே வேணாம், பின்னாடி ஆயில் சீல் இருக்கு. டேங்க் கிட்ட தீ கொண்டு போகாதீங்க, கிளீனர் ஸ்ப்ரே அடிச்ச கையோட சூடு காட்டவே காட்டாதீங்க. சிவப்பு லாக்டைட் (போல்ட்டு இளகாம பிடிச்சுக்கிற பசை) போட்ட போல்ட்டுக்கு சுமார் 250 டிகிரி வரைக்கும் வேணும், அதை சக்கரத்தை கழட்டி தனியா வச்சு செய்யுங்க.

இவ்வளவுக்கும் வரலன்னா சக்கரத்தோட ஸ்விங் ஆர்மையும் (பின் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கை) சேர்த்து கழட்டி, ஹைட்ராலிக் பிரஸ் வச்சிருக்கிற போர்மேன்கிட்ட (மெக்கானிக்) கொண்டு போயிடுங்க. திரும்ப மாட்டும்போது ஆக்ஸில் முழுக்க கிரீஸ் தடவுங்க, மடிச்ச பழைய வாஷரையும் கொட்டர் பின்னையும் (நட்டு கழராம குத்தி மடிக்கிற கம்பி) தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிக்குங்க.