கொக்கனி சால்மனுக்கு வீட்டிலேயே தூண்டில் கட்டுவது எப்படி?

கொக்கனி பிடிக்கும் ஆசையோடு மீன்பிடிக் கடைக்குள் நுழைந்தால் முதலில் ஆளை மயக்குவது நிறம்தான். ஒரு சுவர் முழுக்க ரோஸ், ஆரஞ்சு, பச்சை, ஊதா என்று பொடிப்பொடியாகத் தூண்டில்கள் தொங்கும். முதல் வருஷம் நானும் மயங்கிப் பதினாலு வாங்கினேன். அந்த வருஷம் பிடித்த மீன் இரண்டு. இரண்டும் ஒரே ரோஸ் நிறத்தில் கடித்தவை. மற்றவை எல்லாம் பெட்டியில் தூங்குகின்றன.

அதற்குப் பிறகு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானே கட்ட ஆரம்பித்தேன். காசு மிச்சம் என்பது உண்மைதான், ஆனால் பெரிய லாபம் வேறு. தூண்டிலின் ஒவ்வொரு அளவும் நம் கையில் இருக்கிறது. கொக்கனி விஷயத்தில் அளவுதான் முக்கியம். நிறம் அதற்கு அடுத்ததுதான்.

முதலில் மீனைப் பற்றிக் கொஞ்சம். கொக்கனி என்பது சாக்கை சால்மன்தான், கடலுக்கே போகாமல் ஏரியிலேயே வாழ்ந்து முடிக்கும் வகை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒக்கனாகன், கூட்டனே ஏரிகளிலும், அமெரிக்காவில் வாஷிங்டன், ஐடஹோ, ஓரிகன் மாநில ஏரிகளிலும் இதைப் பார்க்கலாம். நான் அடிக்கடி போவது சியாட்டிலுக்கு வடக்கே இருக்கும் லேக் ஸ்டீவன்ஸுக்கு. பெரும்பாலும் 25 முதல் 35 செ.மீ. நீளம்தான் இருக்கும். ஓரிகனின் வலோவா ஏரியில் 2010-இல் சுமார் 4.4 கிலோவில் ஒன்று மாட்டியது உலக சாதனை. அதை மனதில் வைத்துக்கொண்டு ஏரிக்குப் போகாதீர்கள்.

இதன் உணவு தண்ணீரில் மிதக்கும் டாஃப்னியா மாதிரியான சின்னஞ்சிறு உயிர்கள். பெரும்பாலும் அவற்றைத் தின்றே வாழும் மீன். அப்படியானால் நாம் கட்டும் ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கை எதற்குக் கடிக்கிறது? பசிக்காக இல்லை. எரிச்சலில் கடிக்கிறது என்பதுதான் இந்த மீனைத் தேடிப் போகிறவர்கள் எல்லோரும் சொல்வது. தன் கூட்டத்துக்குள் பளபளவென்று ஒன்று துள்ளிக்கொண்டு வந்தால் அதற்குப் பொறுக்காது. எனவே தூண்டில் துள்ள வேண்டும். இந்த ஒரு வரியை மறக்காமல் இருந்தால் கீழே சொல்வதெல்லாம் தானாகப் புரியும்.

என்னென்ன வேண்டும்

12 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு ஒரு சுருள். ஒரு கிலோ தேறாத மீனுக்கு இவ்வளவு தடித்த நரம்பா என்று தோன்றும். காரணம் பின்னால் வரும். 4 அல்லது 6-ஆம் எண் ஆக்டோபஸ் வகை முட்கள். ஹூச்சி எனப்படும் குட்டிக் கணவாய்ப் பொம்மைகள், 4 செ.மீ. அளவில் (ரோஸ் ஒரு பாக்கெட், ஆரஞ்சு ஒரு பாக்கெட் போதும்). 4 மி.மீ. பாசிமணிகள். கைவினைப் பொருள் கடையில் வாங்கும் சாதாரண மணியே போதும், மீன்பிடிக் கடையில் அதையே மூன்று மடங்கு விலைக்கு விற்பார்கள். அப்புறம் ஒரு ஊசி, நகவெட்டி, ஸ்கேல்.

டாட்ஜரை மட்டும் கடையில் வாங்குங்கள். 10 முதல் 14 செ.மீ. நீளத்தில், லேசாக வளைந்த பளபள தகடு அது. தூண்டிலுக்கு முன்னால் மாட்டிப் படகில் இழுத்துக்கொண்டு போகும்போது நாய் வாலாட்டுவது மாதிரி இடமும் வலமும் அடிக்கும். பழைய கரண்டியைத் தட்டி நானே ஒன்று செய்து பார்த்தேன். அது வாலாட்டவில்லை, பம்பரமாகச் சுற்றியது. நரம்பு முழுக்க முறுக்கிக்கொண்டு அரைநாள் வீண்.

முதலில் இரண்டு முட்கள்

நரம்பில் 75 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். கட்டி முடிக்கும்போது பாதிக்கு மேல் குறைந்துவிடும், ஆனாலும் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஒரு முனையை முள்ளின் கண்ணுக்குள் விட்டு 20 செ.மீ. அளவுக்கு இழுங்கள். இழுத்த நரம்பை முள்ளின் தண்டோடு ஒட்டி வளைவு வரை கொண்டுபோய், அங்கிருந்து திரும்பவும் கண் பக்கம் மடக்குங்கள். இப்போது தண்டின் ஓரத்தில் ஒரு கண்ணி இருக்கும். கண்ணையும் அந்தக் கண்ணியின் தொடக்கத்தையும் இடது கைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, நரம்பின் நுனியைக் கண்ணிக்குள் நுழைத்து, தண்டையும் சேர்த்து ஆறு தடவை சுற்றுங்கள். சுற்றுகள் கண் பக்கத்தில் ஆரம்பித்து வளைவை நோக்கி ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் போக வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. எச்சிலால் ஈரப்படுத்தி, நுனியை மெதுவாக இழுத்து இறுக்குங்கள். ஈரம் இல்லாமல் இறுக்கினால் உராய்கிற சூட்டில் நரம்பு வலுவிழந்துவிடும். ஸ்னெல் முடிச்சு என்பது இதுதான். முதல் நாலைந்து கோணலாகத்தான் வரும். நகவெட்டியால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கட்டுங்கள்.

சரியாகக் கட்டியிருந்தால் மிச்ச நரம்பு வளைவுப் பக்கமாக வெளியே வந்திருக்கும். அதை வெட்டிவிடாதீர்கள். இரண்டாவது முள் அதில்தான் தொங்கப் போகிறது. முதல் முள்ளுக்குப் பின்னால் 3 செ.மீ. தள்ளி அதே முடிச்சில் இரண்டாவது முள்ளைக் கட்டி, மீதியை ஒட்ட நறுக்குங்கள்.

இரண்டு முள் எதற்கு? கொக்கனி பலமுறை தூண்டிலின் வாலோரமாகக் கொத்திவிட்டு ஓடும். பின்முள் இருந்தால் அப்போது மாட்டும். அதோடு இதன் வாய் காகிதம் மாதிரி மெல்லியது, ஒரு முள் கிழித்துக்கொண்டு வந்தாலும் இன்னொன்று பிடித்திருக்கும். சில இடங்களில் எதிர்முள் (நுனிக்குப் பக்கத்தில் பின்னோக்கி நீட்டும் சின்னக் கூர்) இல்லாத முள்தான் அனுமதி. அங்கே எதிர்முள்ளைக் குறடால் அமுக்கி நசுக்கிவிடுங்கள்.

மணியும் ஹூச்சியும்

நரம்பின் நீண்ட பக்கம் வழியாக மூன்று அல்லது நான்கு மணிகளைக் கோத்து முன்முள் வரை இறக்குங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் மணியை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். நானும் விட்டிருக்கிறேன். மணி இல்லாவிட்டால் முள் ஹூச்சியின் தலைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். மீன் கடிக்கும், கோல் ஆடும், மாட்டாது. முன்முள்ளைத் தலைக்கு வெளியே தள்ளி நிறுத்துவதுதான் மணியின் வேலை.

ஹூச்சியின் தலை உச்சியில் ஊசியால் நடுவாக ஓட்டை போடுங்கள். நடுவாக என்பது முக்கியம், ஓரமாகப் போனால் தண்ணீரில் சாய்ந்தபடி வரும். நரம்பைப் பாவாடைப் பக்கமிருந்து (தலைக்குக் கீழே தொங்கும் இழைகள்தான் பாவாடை) நுழைத்துத் தலை வழியாக வெளியே எடுங்கள். ஹூச்சியை மணிகளின் மேல் இறக்கிவிட்டுப் பாருங்கள். பின்முள் பாவாடையின் ஓரத்துக்கு நேராகவோ சற்று வெளியிலோ தெரிய வேண்டும். உள்ளே போயிருந்தால் இன்னொரு மணி, ரொம்ப வெளியே தொங்கினால் ஒன்று குறைவு.

தலைக்கு முன்னால் மேக்ஸ் லூர் நிறுவனத்தின் ஸ்மைல் பிளேடு மாதிரி ஒரு குட்டிச் சுழல் தகடு சேர்க்கலாம். மெதுவாகப் போனாலும் சுழலும். முதல் தூண்டிலுக்கு அது வேண்டாம் என்பேன். துள்ளுவது எதனால் என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

நீளம்: இங்கேதான் எல்லாம் இருக்கிறது

நரம்பின் மறுமுனையை மடித்து, இரட்டையாகவே இரண்டு சுற்று முடிச்சுப் போட்டு ஒரு சின்னக் காது விடுங்கள். அந்தக் காதுதான் டாட்ஜரின் கொக்கியில் மாட்டும். காதுக்கும் முன்முள்ளுக்கும் நடுவே எவ்வளவு தூரம்?

கட்ட ஆரம்பித்த புதிதில் நான் வைத்திருந்தது 60 செ.மீ. ட்ரவுட் மீனுக்கு அப்படித்தான் வைப்பேன், அதே பழக்கம். ஆறு மணி நேரம் ஓட்டியும் ஒன்றும் கடிக்காத ஒரு நாள், சலிப்பில் டாட்ஜரையும் ஹூச்சியையும் படகின் ஓரத்தில் ஒரு முழ ஆழத்தில் விட்டுப் பார்த்தேன். டாட்ஜர் பிரமாதமாக ஆடிக்கொண்டிருந்தது. பின்னால் ஹூச்சி துவைத்துப் போட்ட கைக்குட்டை மாதிரி நேராக வந்துகொண்டிருந்தது. டாட்ஜரின் அடி முழுக்க நடுவில் இருந்த நரம்பிலேயே கரைந்துவிட்டது. படகிலேயே வெட்டி 25 செ.மீ. ஆக்கிக் கட்டினேன். மறுபடி தண்ணீரில் விட்டதும் ஹூச்சி இடது பக்கம் ஒரு வெட்டு, வலது பக்கம் ஒரு வெட்டு என்று துள்ளியது. பாவாடை ஒவ்வொரு வெட்டுக்கும் விரிந்து சுருங்கியது.

ஹூச்சிக்குச் சொந்த ஆட்டம் கிடையாது. டாட்ஜர் கொடுப்பதைத்தான் அது ஆடும். அதனால் டாட்ஜரின் நீளத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு வைத்து ஆரம்பியுங்கள். 11 செ.மீ. டாட்ஜருக்கு 22 முதல் 27 செ.மீ. தடித்த நரம்பு கேட்டதும் இதற்குத்தான். மெல்லிய நரம்பு துவண்டு அடியை விழுங்கிவிடும், விறைப்பான நரம்பு அதை அப்படியே கடத்தும். தானே சுழலும் ஸ்பின்னர் கட்டினால் மட்டும் 30 முதல் 45 செ.மீ. வரை நீட்டலாம்.

ஒரு மணி மக்காச்சோளம்

முள் ஒன்றுக்கு ஒரு மணி வீதம் ஷூபெக் எனப்படும் வெள்ளை மக்காச்சோளத்தைக் குத்துங்கள். நம் ஊர் வெள்ளைச்சோளம் இல்லை, டின்னில் வரும் ஒல்லியான வெள்ளை மக்காச்சோள மணி. வெறும் முள்ளைவிட இதற்கு மீன் நிறையவே கடிக்கும். சோளம் தின்னாத மீனுக்குச் சோளம் ஏன் பிடிக்கிறது என்று கேட்டால், வாசனையைக் கொண்டுபோகும் வண்டி அது என்பது என் எண்ணம். உப்பும் பூண்டு எண்ணெயும் சேர்த்து ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் ஊற வைப்பேன். வீட்டில் திட்டு விழும், மூடி இறுக்கமான டப்பாவாகப் பாருங்கள். சன்ஸ்கிரீனோ பெட்ரோலோ பட்ட கையால் இரையைத் தொடாதீர்கள். சில ஏரிகளில் இரை வைக்கவே அனுமதி இல்லை, சிலவற்றில் கொக்கனி மாட்டினாலும் திரும்ப விட்டுவிட வேண்டும். உரிமம் வாங்கும்போதே அந்த ஏரியின் விதியையும் படித்துவிடுங்கள்.

தண்ணீரில்

கொக்கனிக்குப் பிடித்த குளிர் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ். வசந்தத்தில் அது மேலேயே கிடைக்கும், டாட்ஜருக்கு முன்னால் ஒரு சின்ன ஈயம் போதும். கோடையில் ஆழத்துக்கு இறங்கிவிடும். அப்போது டவுன்ரிக்கர் தேவை, அதாவது கம்பியில் கனமான ஈயக்குண்டைத் தொங்கவிட்டுத் தூண்டிலை ஆழத்தில் நிறுத்தும் கருவி.

வேகம் மணிக்கு ஒன்றரை முதல் இரண்டரை கிலோமீட்டர். மீட்டரை நம்புவதைவிட டாட்ஜரைப் படகோரத்தில் விட்டுப் பாருங்கள். வாலாட்டினால் சரி, முழுசாகச் சுழன்றால் வேகம் அதிகம். நேர்கோட்டில் போகாமல் பாம்பு மாதிரி வளைந்து ஓட்டுங்கள். திரும்பும்போது வெளிப்பக்கத் தூண்டில் வேகமெடுக்கும், உள்பக்கத் தூண்டில் மெதுவாகும். எந்தப் பக்கம் கடித்தது என்று பார்த்தால் அன்றைக்கு மீன் கேட்கும் வேகம் தெரிந்துவிடும்.

கடித்ததும் வெட்டி இழுக்காதீர்கள், அந்தக் காகித வாய் கிழிந்துவிடும். ரீலின் டிராக்கை (நரம்பு ஓடாமல் பிடிக்கும் பிரேக்) தளர்வாக வைத்து, மீன் உருளும்போது உருளவிட்டு, வலையை முன்கூட்டியே தண்ணீருக்குள் இறக்கி வைத்திருங்கள்.

வீடு திரும்பியதும் தூண்டில்களை அப்படியே பெட்டியில் போட்டால் அடுத்த வாரம் நூல்கண்டாகத்தான் எடுப்பீர்கள். நீச்சல் குளத்தில் பிள்ளைகள் கட்டிக்கொண்டு மிதப்பார்களே, அந்த நுரைக்குழாயில் ஒரு சாண் வெட்டி, முள்ளை அதில் குத்தி நரம்பைச் சுற்றி வையுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மார்க்கரால் நீளத்தை எழுதிவிடுங்கள். என் குழாயில் இப்போது 22, 25, 27 என்று மூன்று வரிசை இருக்கிறது. 25-க்கு நேரே எப்போதும் ஓட்டைதான், கட்டக் கட்டத் தீர்ந்துவிடுகிறது.