பலவகை நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிடும்போது

"நாங்கள் வித்தியாசம் பார்க்கிறதில்லை" என்று பெருமையாகச் சொல்லும் வீட்டில்தான் யாராவது ஒருவர் அரைவயிற்றோடு எழும்புவார். கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வேலையிடத்து நண்பர்களைக் கூப்பிட்டால் யாழ்ப்பாணத்தார், மலையகத்தார், முஸ்லிம்கள், சிங்களவர், கத்தோலிக்கர் என்று எல்லோரும் வருவார்கள். வித்தியாசத்தைப் பார்க்கத்தான் வேண்டும். அதை முன்கூட்டியே, சத்தமில்லாமல் பார்த்துவிட வேண்டும். 12 பேருக்கான ஒரு மதியச் சாப்பாட்டை வைத்துச் சொல்கிறோம்.

நாளும் நேரமும்

வெள்ளிக்கிழமை சரிவராது. சைவர்கள் பலருக்கு அன்று மச்சம் (மீன், இறைச்சி) இல்லை; ஜும்மாத் தொழுகைக்குப் போனவர்கள் வந்துசேர 1.30 ஆகிவிடும். போயா (பௌர்ணமி நாள்) விடுமுறைதான், ஆனால் இறைச்சிக்கடை பூட்டு. அன்று சில் (நோன்பு) எடுத்த பௌத்த நண்பர் நண்பகலுக்குப் பிறகு சாப்பிடமாட்டார். ஞாயிறு 12.30 என்றால் காலைப் பூசைக்குப் போகிறவர்களுக்கும் வசதி. றமழானில் மதிய விருந்தே வேண்டாம், நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுங்கள். பாங்கு சொல்லும்போது பேரீச்சம்பழமும் தண்ணீரும் மேசையில் தயாராக இருக்க வேண்டும். அதுவரை மற்றவர்களும் பலகாரத்தில் கைவைக்காமல் இருப்பது நல்லது.

கேட்கும் விதம்

குழுவில் கேட்காதீர்கள். பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் எல்லோரும் "எனக்கு எதுவும் பரவாயில்லை" என்றுதான் எழுதுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, ஆனால் ஒரே வசனத்தை அனுப்புங்கள்: "ஞாயிறு சமைக்கிறன். சாப்பிடாதது, ஒத்துக்கொள்ளாதது ஏதும் இருந்தால் சொல்லுங்கோ." காரணம் கேட்க வேண்டாம். பெயரை வைத்து ஊகிக்கவும் வேண்டாம்: மாட்டிறைச்சி சாப்பிடும் இந்துவும் இருக்கிறார், மீன்கூடத் தொடாத சிங்களவரும் இருக்கிறார்.

அடுப்படியில்

பிழை நடப்பது பெரும்பாலும் மாசிக்கருவாட்டில்தான். கோழிக்கறியை எல்லோரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். தேங்காய்ச் சம்பலிலும் சீனிச் சம்பலிலும் சுண்டலிலும் கிடக்கும் மாசித் தூள் கண்ணுக்குத் தெரியாது. "இது மரக்கறிதான்" என்று தெரியாமலே சொல்லிவிடுவோம், சைவக்காரர் முதல் வாயிலேயே கண்டுபிடிப்பார். 12 பேருக்கு இரண்டு தேங்காய் துருவி, மிளகாய், வெங்காயம், உப்பு சேர்த்து மாசியில்லாமல் முழுவதையும் இடித்து, தேசிக்காய் பிழிந்து, மூன்றில் இரண்டு பங்கை வேறு பாத்திரத்துக்கு எடுங்கள். மிச்சத்துக்கு மட்டும் மாசி இரண்டு மேசைக்கரண்டி போட்டு இன்னொருமுறை இடித்தால் போதும். வரிசை மாறினால் உரலைக் கழுவ வேண்டிவரும். கழுவினாலும் மணம் போகாது.

எண்ணெய்க்கும் அதே கதை. முதலில் பப்படமும் வடையும், கடைசியில் மீன். மாட்டையும் பன்றியையும் விட்டுவிட்டு, முஸ்லிம் கடையில் வாங்கிய ஹலால் கோழியும் மீனும் போட்டால் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒத்துவரும். வட்டிலப்பத்தில் முட்டை இருக்கிறது, ஜெலியில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலற்றின் இருக்கும். இனிப்புக்குப் பயற்றம் பாயசம் பாதுகாப்பு.

அளவில் எல்லோரும் விடும் பிழை ஒன்று உண்டு. நாலு பேர் சைவம் என்றால் நாலு பேருக்கு மரக்கறி சமைப்பார்கள். கோழி சாப்பிடுகிறவர்களும் கத்தரிக்காயை எடுப்பார்கள் அல்லவா? கடைசியாக வரும் சைவக்காரருக்குச் சோறும் பருப்பும்தான் மிஞ்சும். மரக்கறி 12 பேருக்கு, கோழி எட்டுப் பேருக்கு என்று கணக்குப் போடுங்கள். அரிசி ஒன்றரைக் கிலோ, பருப்பு அரைக் கிலோ. மேசையில் மரக்கறி முன்னுக்கு, மச்சம் கடைசியில், ஒவ்வொரு கறிக்கும் தனி அகப்பை. அப்போதுதான் மீன்குழம்பு மரக்கறிக்கு மேல் சொட்டாது.

பொங்கல் நாளென்றால் இன்னொன்று. சாமிக்குப் படைத்ததைச் சில முஸ்லிம், கிறிஸ்தவ நண்பர்கள் வாங்கமாட்டார்கள். படைக்குமுன் ஒரு சட்டியில் வேறாக எடுத்து வைத்தால் அதே பானைப் பொங்கலை அவர்களும் சாப்பிடலாம். எது எந்தச் சட்டி என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பேச்சில்

தமிழே ஒன்றல்ல. மலையக நண்பர் "உங்கம்மாகிட்ட பேசினேன்" என்றால் யாழ்ப்பாணத்தார் திடுக்கிடுவார். யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் ஏசுவது, உரையாடுவதைக் கதைப்பது என்பார்கள். சிங்களவர் இளைஞனை "ஐயா" என்றால் அண்ணன் என்று அர்த்தம், கேலி இல்லை. இப்படிப்பட்டவற்றை ஒருவரிடம் ஒருவர் கேட்டுச் சிரிக்கலாம். ஒருவரின் பேச்சுமாதிரி அவர் முன்னால் நடித்துக் காட்டுவது வேறு விஷயம். அவர் சிரித்தாலும் அடுத்தமுறை குறைவாகக் கதைப்பார்.

1983 ஜூலைக் கலவரமோ 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்போ கதையில் வந்தால் கவனிக்க வேண்டியது ஒரு சொல்: "உங்கட ஆக்கள்". மேசையில் இருக்கும் ஒருவரை அவர் செய்யாததற்குப் பதில் சொல்லவைக்கும் சொல் அது. யாராவது சொன்னால் விவாதம் வேண்டாம். "இவர் செய்யேல்லையே" என்று வீட்டுக்காரர் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு, அந்தச் சொல்லைக் கேட்க நேர்ந்தவர் பக்கம் திரும்பி வேறு கதை தொடங்கலாம். பிறகு தனியே மன்னிப்புக் கேட்கும் வேலையைச் சொன்னவரிடமே விடுங்கள்.

மிச்சத்தைக் கட்டிக் கொடுக்கும்போது பெட்டி மூடியில் பேனையால் எழுதுங்கள்: மாசி உள்ளது, மாசி இல்லை. வீட்டில் காத்திருக்கும் அம்மம்மாவுக்கு உங்கள் சமையல் முறை தெரியாது.