பழைய தேக்குச் சாமானை நாமே பாலிஷ் போடும்போது கெடுத்துவிடும் இடங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலோ உள்ளூர்ப் பழைய சாமான் கடையிலோ பேரம் பேசி ஒரு பர்மா தேக்கு நாற்காலியை வாங்கி வந்ததும், பலரும் முதலில் எடுப்பது உப்புத்தாளை. நல்ல சாமான் கெடுவது அங்கேதான். கறுத்துப்போய்ப் பிசுபிசுவென்று தெரிவது பல நேரம் மேலே படிந்த எண்ணெய்ப் பிசுக்கும் அடுப்புப் புகையும் மட்டுமே. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, துணியை ஒட்டப் பிழிந்து துடையுங்கள். கையோடு உலர்ந்த துணியாலும் துடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு மரத்தைப் பார்த்தால் வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.

அடுத்த தவறு, மேலே இருப்பது என்ன பூச்சு என்று தெரியாமல் கை வைப்பது. நாற்காலிக் காலின் உட்புறம்போல் மறைவான இடத்தில், பாலிஷ் ஸ்பிரிட் (அரக்கைக் கரைக்கும் ஆல்கஹால்) நனைத்த பஞ்சை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பஞ்சு ஒட்டிக்கொண்டு பழுப்பு நிறம் ஏறினால் அது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. தின்னருக்கு (நைட்ரோசெல்லுலோஸ் பூச்சைக் கரைக்கும் திரவம்) கரைந்தால் லேக்கர். இரண்டுக்கும் கரையாவிட்டால் பெரும்பாலும் வார்னிஷ் அல்லது பி.யூ. (பாலியூரித்தேன்).

அரக்கு என்று தெரிந்தால் தயவுசெய்து சுரண்டாதீர்கள். புதிதாகப் போடும் அரக்கில் உள்ள ஸ்பிரிட் பழைய பூச்சை இளக்கி, இரண்டையும் ஒரே படலமாக்கிவிடும். வார்னிஷுக்கும் பி.யூ.வுக்கும் இந்த வசதி எளிதில் வாய்க்காது. 320 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசி துடைத்து, மெல்லிய கோட்டுகள் போட்டாலே போதும். பல பத்தாண்டுகளாக மரத்தில் ஊறிய அந்தச் செம்பழுப்பை ஒருமுறை இழைத்துத் தள்ளினால் எந்தச் சாயத்தாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

பூச்சு உரிந்து, வெடித்துப்போயிருந்தால் எடுத்துத்தான் ஆகவேண்டும். சீக்கிரம் முடியும் என்று காஸ்டிக் சோடாவில் கழுவுவது வேண்டாம். காரம் பட்டால் தேக்கு கறுக்கும், மூட்டில் உள்ள பசை விடும். சரியாக அலசாமல் மிச்சம் தங்கினால் புதுப் பாலிஷும் நிற்காது. அரக்கை ஸ்பிரிட்டாலேயே துடைத்து எடுக்கலாம். மற்றவற்றுக்குப் பெயின்ட் ரிமூவரைக் காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு, டப்பாவில் சொன்ன நேரம் ஊறவிட்டு, முனை மழுங்கிய தகட்டால் மர ரேகை ஓடும் திசையிலேயே வழியுங்கள்.

பெயின்ட் அடித்த பழைய சாமானை மட்டும் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட் தூசியில் ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் சமரசம் கூடாது.

தேய்ப்பதில் 120, 180, 220 என்று வரிசை தவறாமல் போக வேண்டும். ரேகைக்குக் குறுக்கே இழுத்த கீறல் வெறும் மரத்தில் கண்ணுக்குத் தெரியாது. பாலிஷ் ஏறியதும் கோடு கோடாக எழும்பி நிற்கும். அலமாரிக் கதவு, மேசைப் பலகை என்றால் விளிம்பை முதலில் பாருங்கள். மேலே ஓடும் ரேகைக்கும் விளிம்பில் தெரிவதற்கும் தொடர்பில்லாமல் மெல்லிய அடுக்காகத் தெரிந்தால் அது வெனீர், அதாவது அடிப்பலகைமேல் ஒட்டிய மெல்லிய மர ஏடு. அதில் தேய்க்கும் மிஷின் பிடித்தால் சில விநாடியில் அடிப்பலகை வெளியே வந்துவிடும்.

ஆடும் காலுக்கு ஆணி அடிப்பது அடுத்த கொடுமை. ஆணி மரத்தைப் பிளக்கும், ஆட்டமும் நிற்காது. பழைய மூட்டுகள் பெரும்பாலும் வஜ்ஜிரத்தில் (விலங்குத் தோல், எலும்பில் காய்ச்சிய பசை) ஒட்டியவை. அதன்மேல் ஃபெவிகால் பிடிக்காது. வெந்நீர்த் துணியைச் சுற்றி வைத்தால் வஜ்ஜிரம் இளகும். மூட்டைக் கழற்றி, பழையதைச் சுரண்டி, நன்கு காயவிட்டு, பிறகு ஒட்டுங்கள். கயிற்றைச் சுற்றி ஒரு குச்சியால் முறுக்கி இறுக்கி, சமதளத்தில் நிறுத்தி 24 மணி நேரம் விடுங்கள். பிதுங்கிய பசையை அப்போதே ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த பசைமேல் சாயம் ஏறாது, வெள்ளைத் திட்டாக நிற்கும்.

குண்டூசி முனையளவு ஓட்டைகளைக் கண்டதும் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். உள்ளே இருக்கும் புழுவை நம்பகமாகக் கொல்லாது, பாலிஷையும் ஏறவிடாது. தூசியைத் தட்டிவிட்டு, அடியில் கறுப்புத் தாள் விரித்துச் சில வாரம் வைத்துப் பாருங்கள். புதிதாக மாவு கொட்டினால்தான் புழு உயிரோடு இருக்கிறது. மரத்துக்கான பூச்சிமருந்தை ஓட்டைதோறும் ஊசியால் செலுத்தி, காய்ந்தபின் லப்பம் (ஓட்டையை அடைக்கும் பூச்சு) வையுங்கள்.

இனி பாலிஷ். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அரக்குச் செதில் போதும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் இரவு முழுக்க ஊறவிட்டு வடிகட்டுங்கள். இரும்பு டப்பாவில் வைத்தால் கறுக்கும். சீக்கிரம் கரையட்டும் என்று அடுப்பில் வைப்பது ஆபத்து, ஸ்பிரிட் தீப்பிடிக்கும். பல மாதம் கிடந்த கரைசலைக் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மறுநாளும் ஒட்டினால் கொட்டிவிடுங்கள். பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சு வைத்த பொட்டலத்தால் மெல்லியதாக இழுங்கள், இழுத்த இடத்திலேயே கையை நிறுத்தாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலை வேண்டாம். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும். பூத்திருந்தால், வெயில் நாளில் ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் ஓட்டினால் பெரும்பாலும் தெளியும்.

அரக்குக்குப் பதிலாக ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள், எண்ணெய் தடவிய துணியை மட்டும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காய்கிறபோது தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, வெளியே தனித்தனியாக விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.