லைக் எண்ணிக்கையை எப்படிப் படிப்பது

எங்கள் அண்ணி மயிலாப்பூரில் வீட்டிலேயே பொடி அரைத்து விற்கிறார். போன மார்கழியில் மாட வீதிக் கோலங்களை எடுத்து ஒரு ரீல் போட்டார், லைக் குவிந்துவிட்டது, ஆனால் பொடிக்கு ஒரு ஆர்டர்கூட வரவில்லை. அடுத்த வாரம் சுடுசோற்றில் பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் போட்டுப் பிசைகிற சின்ன வீடியோ ஒன்று. லைக் நாற்பதைத் தாண்டவில்லை. அரைத்து வைத்திருந்த பொடி மூன்றே நாளில் தீர்ந்தது.

அதனால் முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள். பறக்கும் ரயிலில் நின்றுகொண்டே ஒருவர் கட்டைவிரலால் இரண்டு தட்டு தட்டினால் அது லைக். 'பார்த்தேன்', 'அழகா இருக்கு', 'நம்ம சொந்தக்காரப் பொண்ணு', எல்லாவற்றுக்கும் அதே ஒரு இதயம்தான். வாங்கப்போகிறாரா என்பது அதில் தெரியாது. வியூ அதைவிடவும் லேசானது: யூடியூப் ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல் வீடியோ ஓட ஆரம்பித்தாலே ஒரு வியூ.

எங்கேஜ்மென்ட், அதாவது லைக், கமென்ட், ஷேர் எல்லாம் சேர்ந்த கணக்கு, என்றால் நல்ல வரவேற்பு என்றும் நினைத்துவிடாதீர்கள், திட்டுகிற கமென்ட்டும் அதே கணக்கில்தான் சேரும். 2017-ல் ஃபேஸ்புக் கோப எமோஜிக்கு லைக்கைவிட ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்து பதிவுகளை மேலே தூக்கியது, 2021-ல் வெளியே வந்த அதன் உள் ஆவணங்களில்தான் இது தெரிந்தது. எரிச்சலூட்டுகிற பதிவு ஏன் அவ்வளவு தூரம் ஓடியது என்று இப்போது புரிகிறதா?

சரி, என்ன பார்க்க வேண்டும்? இன்ஸ்டாகிராமில் புரொஃபஷனல் கணக்குக்கு மாறி, பதிவுக்குக் கீழே இருக்கும் இன்சைட்ஸ் என்ற கணக்குப் பக்கத்தைத் திறங்கள். எத்தனை பேரைப் போய்ச் சேர்ந்தது, அதில் உங்களைப் பின்தொடராதவர்கள் எவ்வளவு, எத்தனை பேர் சேவ் செய்தார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்பினார்கள் என்று பாருங்கள். சேவ் எண்ணிக்கையையும் ஷேர் எண்ணிக்கையையும் கூட்டி, போய்ச் சேர்ந்த எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 4000 பேரிடம் போய் 80 வந்தால் 2 சதவீதம். இதை உங்கள் பழைய பதிவுகளோடு மட்டும் ஒப்பிடுங்கள். பக்கத்து வீட்டுக் கணக்கோடு வேண்டவே வேண்டாம், அவர்கள் கூட்டம் வேறு.

ஷேருக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் உண்டு. ஒருவர் தன் தோழிக்கு அனுப்பும்போது 'இது உனக்குப் பிடிக்கும்' என்று யோசித்து அனுப்புகிறார், இதயத்தைத் தட்ட அந்த யோசனை தேவையே இல்லை. கமென்ட்டிலும் அப்படித்தான், இருபது தீ எமோஜியைவிட 'கால் கிலோ எவ்வளவு, தாம்பரத்துக்கு அனுப்புவீங்களா?' என்ற ஒன்று போதும்.

அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஆர்டர் கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் 'எங்கே பார்த்தீங்க?' என்று கேட்டு, தேதி போட்டு எழுதுங்கள், ஒரு மாதம் விடாமல். எந்த ஆப்பும் இந்தக் கணக்கை உங்களுக்குத் தராது. அண்ணியின் நோட்டில் பாதிக்குமேல் 'ஃப்ரெண்டு அனுப்பினாங்க' என்றுதான் இருக்கிறது, கோல ரீலைச் சொல்லி வந்தவர் ஒருவரும் இல்லை.

இதய எண்ணிக்கை கண்ணில் பட்டாலே மனசு அலைபாய்கிறதா? இன்ஸ்டாகிராம் 2021-லேயே அதை மறைக்க வழி கொடுத்துவிட்டது, பதிவின் மூன்று புள்ளி மெனுவில் இருக்கிறது. அண்ணி மறைத்துவிட்டார்.