அளவு டேப், ஊசி நூல், அப்புறம் பழைய துணி

பழைய துணி தேடிக் கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் விரும்பி, அடிக்கடி போடுகிற சட்டை ஒன்று, கால்சட்டை ஒன்று, குளிருக்குப் போடுகிற கோட்டு இருந்தால் அதுவும், எடுத்துத் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து அளந்து கொள்ளுங்கள். ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை, தோள் தையலிலிருந்து தோள் தையல் வரை, கை நீளம், இடுப்பு, கவட்டையிலிருந்து கால் நுனி வரை. உடம்பை அளப்பதைவிட இது உபயோகமானது, ஏனென்றால் துணி எவ்வளவு தளர்வாக இருந்தால் உங்களுக்குப் பிடிக்கும் என்பதும் அந்த அளவுக்குள்ளேயே வந்துவிடுகிறது. எண்களை போனில் குறித்து வைத்துவிட்டு, கடைக்குப் போகும்போது டேப்பையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு எதற்கு, லேபிளிலேயே சைஸ் போட்டிருக்குமே என்றால், பழைய துணியில் அந்த எண்ணை நம்பவே கூடாது. அமெரிக்காவில் 1958-இல் வெளியான பெண்கள் உடைக்கான அளவுத் தரத்தில் 8 என்ற எண்ணுக்கு மார்பளவு 31 அங்குலம்தான். 1983-இல் அந்தத் தரமே திரும்பப் பெறப்பட்டது. பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு எண்ணைக் கீழே இறக்கிக்கொண்டே வந்தது. அதனால் பழைய உடையில் 14 என்று பார்த்துப் பயப்படவும் வேண்டாம், இன்றைய எண்ணை வைத்து ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து இடுப்பில் மாட்டிக்கொண்டு திண்டாடவும் வேண்டாம். டேப் சொல்வதுதான் சைஸ். துவைத்துத் துவைத்துச் சுருங்கியது, யாரோ டெய்லரிடம் கொடுத்துப் பிடித்தது எல்லாம் டேப்புக்குத்தான் தெரியும்.

சரி, கையில் ஒரு துணி இருக்கிறது. முதலில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். பூச்சி அரித்த பொடி ஓட்டைகள், நைந்து மெலிந்த இடங்கள் எல்லாம் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும், மேஜையில் கிடக்கும்போது தெரியாது. பிறகு உள்பக்கத்தைத் திருப்புங்கள். அழுக்கும் தேய்மானமும் வியர்வையும் சேருகிற இடங்கள் எந்த உடையிலும் ஒன்றுதான்: அக்குள், காலர் மடிப்பு, கை நுனி, கவட்டை, பாக்கெட் வாய். அக்குள் துணியை விரலால் தேய்த்துப் பாருங்கள், மொடமொடவென்று விறைத்திருந்தால் வியர்வையும் டியோடரண்டில் இருக்கிற அலுமினிய உப்பும் சேர்ந்து இழைக்குள் இறுகிவிட்டது என்று அர்த்தம், அதை முழுதாக எடுப்பது கடினம். ஜிப்பை மேலும் கீழும் இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பாருங்கள். பட்டன்களை எண்ணுங்கள். எந்த லைனிங்கிலும் முதலில் பிரிகிற இடம் முதுகும் கைக்குழியும்தான், அங்கே கையை விட்டுத் துழாவிப் பாருங்கள்.

இங்கேதான் காசு மிச்சமாவதும் வீணாவதும் முடிவாகிறது, அதனால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிற குறைகள் பெரும்பாலும் சின்ன வேலைகள். பட்டன் இல்லை, தையல் பிரிந்திருக்கிறது, கீழ் மடிப்பு அவிழ்ந்து தொங்குகிறது, நீளம் அதிகம், இடுப்பு லூஸ், தோளில் பெரிய பஞ்சுத் திண்டு வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரு சாயங்காலத்தில் முடிகிற விஷயம். ஜிப் ஓடுகிறது ஆனால் பல் சேரவில்லை என்றால் ரன்னர் அகன்றிருக்கும், குறடால் இரண்டு பக்கமும் லேசாக நெருக்கினால் பல சமயம் சரியாகிவிடும். ஆனால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாமல், கடையில் அழகாகத் தொங்கிக்கொண்டிருக்கிற சில துணிகளைத்தான் தொடவே கூடாது. தோள் அகலம் பொருந்தாத கோட்டு அப்படிப்பட்டது. கையைக் கழற்றி, கைக்குழியை வெட்டி, லைனிங்கோடு திரும்பப் பொருத்த வேண்டும், அதற்கு ஆகிற கூலிக்கு இன்னொரு கோட்டே வாங்கிவிடலாம். வெந்நீரில் சுருங்கிக் கம்பளம் மாதிரி கெட்டியாகிப்போன கம்பளி ஸ்வெட்டர் திரும்ப விரியாது. போலித் தோல் ஜாக்கெட்டில் பாலியூரிதேன் பூச்சு ஒரு இடத்தில் உரிய ஆரம்பித்துவிட்டால் மீதியும் உரியும், காற்றிலிருக்கிற ஈரமே அதற்குப் போதும், நீங்கள் போடாமல் வைத்திருந்தாலும் உதிரும். ரொம்பப் பழைய பட்டு இன்னொரு ஆபத்து: 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பட்டுக்கு எடை கூட்டத் தகரம், இரும்பு போன்ற உலோகங்களின் உப்பில் ஊறவைத்தார்கள், அந்தப் பட்டு இன்று மடிப்பு மடிப்பாகக் கீறி விழும். அதற்கு ஊசி நூலால் ஒன்றும் செய்ய முடியாது, பார்த்து ரசித்துவிட்டு வைத்துவிடலாம்.

இறுக்கமாக இருந்தால் உள்தையலைப் பாருங்கள். தையலுக்கு உள்ளே விரல் அகலத்துக்குத் துணி விட்டிருந்தால் இரண்டு பக்கமும் பிரித்துக் கொஞ்சம் பெரிதாக்கலாம். பழைய டெய்லர் தையலில் இப்படித் தாராளமாக விட்டிருப்பார்கள், ஓவர்லாக் அடித்து ஒட்ட வெட்டிய இன்றைய தையலில் பிரிக்க ஒன்றுமே இருக்காது. ஒரு எச்சரிக்கை, பிரித்தால் பழைய தையல் ஓட்டையும் மடிப்புக் கோடும் வெளியே தெரியலாம், அதுவும் பட்டிலும் நிறம் வெளுத்த துணியிலும் தெரிந்தே தீரும்.

பிராண்டைப் பார்ப்பதைவிடத் துணியைப் பாருங்கள். பருத்தி, கம்பளி, லினன், பட்டு என்று இழைப் பட்டியல் சொன்னால் கவனம் கொடுங்கள், இவற்றைத் துவைக்கலாம், தைக்கலாம், இஸ்திரி போட்டு வடிவத்துக்குக் கொண்டுவரலாம். லேபிளே இல்லையென்றால், வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு (கடையில் வேண்டாம், தயவுசெய்து) உள்தையலிலிருந்து நான்கு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பற்றவைத்துப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையும் மெல்லிய சாம்பலும் வந்தால் பருத்தி, லினன், ரேயான் இந்த வகை. மயிர் கருகுகிற நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி அல்லது பட்டு. உருகிச் சுருங்கி, ஆறியதும் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர், நைலான். ரேயான் நனைந்தால் பலம் குறையும், அதைப் பிழியாதீர்கள். பழைய லைனிங் பல அசிடேட் என்கிற பளபளப்பான செயற்கை இழையில் செய்தவை, நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன் பட்டால் கரைந்தே போகும், அதனால் கறைக்கு அசிட்டோன் தேய்க்கிற யோசனை வேண்டவே வேண்டாம்.

வயதைக் கண்டுபிடிப்பது தனி ருசி. பொதுவாக 20 வருஷத்துக்கு மேல் போனதைத்தான் விண்டேஜ் என்கிறார்கள், ஆனால் சும்மா பழசாகத் தெரிகிற எதையும் விண்டேஜ் என்று எழுதித் தொங்கவிட்டு விலை ஏற்றுகிறவர்களும் உண்டு. அதனால் நாலைந்து அடையாளம் தெரிந்திருப்பது நல்லது. லேபிளில் மேற்கு ஜெர்மனி என்றிருந்தால் அது பெரும்பாலும் 1990-க்கு முந்தையது. வட்டத்தின் கால்பாகம் வெட்டிய மாதிரி இரண்டு ஆங்கில சி (C) எழுத்து, பக்கத்தில் 41 என்ற முத்திரை இருந்தால், 1941-இல் போர்க்காலப் பிரிட்டனில் தொடங்கிய சிக்கன உடைத் திட்டத்தைச் சேர்ந்தது, அது 1952 வரை நடந்தது. அசல் கம்பளி என்று காட்டுகிற, நூல்கண்டு மாதிரி வளைந்த வூல்மார்க் சின்னம் 1964-இல் வந்தது, அது இருக்கிற ஸ்வெட்டரை 1950-களுடையது என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். அமெரிக்கத் துணியில் துவைக்கும் முறை எழுதிய லேபிள் கட்டாயமானது 1972-இல். லீவைஸ் ஜீன்ஸின் சிவப்புப் பட்டியில் நிறுவனப் பெயரில் வருகிற ஆங்கில ஈ பெரிய எழுத்தில் (E) இருந்தால் 1971-க்கு முந்தைய வடிவம், ஆனால் அதை இப்போதும் மறுபதிப்பாகச் செய்கிறார்கள். உலோக ஜிப்பும் ஒரு குறிப்பு, முடிவல்ல, ஏனென்றால் ஜிப்பை நடுவில் யாரும் மாற்றியிருக்கலாம். இந்த அடையாளங்களில் பாதி, துணி எந்த வருஷத்துக்கு முன்னால் தைத்திருக்க முடியாது என்பதை மட்டும்தான் சொல்கின்றன. அன்றாடம் போட வாங்குகிறீர்கள் என்றால் வயதுக்காக ஒரு காசுகூட அதிகம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கட்சி.

வீட்டுக்கு வந்த துணி நேராக அலமாரிக்குள் போகக் கூடாது. கம்பளி, பட்டு, ரோமம் எதுவாக இருந்தாலும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, இறுக்கி மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள், அந்துப் பூச்சியின் முட்டையும் புழுவும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் துணிமேல் ஈரம் படியும். சூடு தாங்குகிற பருத்தித் துணிக்கு 60 டிகிரி துவைப்போ, டிரையரில் அரை மணி நேர நல்ல சூடோ போதும், மூட்டைப்பூச்சி இருந்தாலும் போய்விடும். பிறர் உடம்பில் கிடந்தது என்ற அருவருப்பு பலருக்கு உண்டு, அது தப்பில்லை, ஆனால் புதுத் துணியையும் கடையில் பல பேர் போட்டுப் பார்த்துக் கழற்றியிருப்பார்கள்.

மஞ்சள் படிந்த வெள்ளைப் பருத்தியையும் லினனையும் ஆக்சிஜன் பிளீச் என்கிற சோடியம் பெர்கார்பனேட்டைச் சூடான நீரில் கரைத்து, சில மணி நேரம் ஊறவைத்தால் நல்ல மாற்றம் தெரியும், ஒரே தடவையில் போகாவிட்டால் இன்னொரு தடவை. கம்பளிக்கும் பட்டுக்கும் இது ஆகாது. குளோரின் பிளீச் அவற்றின் பக்கமே போகக் கூடாது, இழையையே தின்றுவிடும், வியர்வை மஞ்சளையும் அது இன்னும் அடர்த்தியாக்கும். முக்கல் வாசனை, அந்துருண்டை வாசனை, சிகரெட் வாசனை மூன்றிலும் முக்கல்தான் எளிதாகப் போகும், அந்துருண்டைக்குப் பல நாள் காற்றில் தொங்கவிட வேண்டும். நிழலில் காயட்டும், கடும் வெயில் சாயத்தையும் பட்டையும் கெடுக்கும். துவைக்க முடியாத கோட்டுக்கு நாடக உடைக்காரர்கள் வாசனை சேர்க்காத வோட்காவை உள்பக்கம் தெளித்துக் காயவிடுவார்கள். இது வேலை செய்கிறது, ஆனால் தெரியாத மூலையில் முதலில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

ஆன்லைனில் வாங்கும்போது கையில் தொட்டுப் பார்க்க முடியாது என்பதால் கேள்விதான் ஒரே கருவி. விரித்து வைத்து அளந்த அளவு, அக்குள் உள்பக்கப் படம், லேபிள் படம், பகல் வெளிச்சத்தில் எடுத்த படம், வாசனை ஏதாவது உண்டா என்ற பதில், இவற்றைக் கேளுங்கள். நல்ல நிலைமை என்ற சொல்லுக்கு விற்கிறவரின் அகராதியில் என்ன பொருள் என்று யாருக்குத் தெரியும்? பதில் தராதவரிடம் வாங்க வேண்டாம்.

கணக்குக்கு வருவோம். விலை மலிவு என்பதற்காக வாங்கிய பத்துத் துணியில் ஏழு தொங்கிக்கொண்டே கிடந்தால் அது சிக்கனமே அல்ல, செலவின் இன்னொரு பெயர். வாங்கிய விலையோடு ஆல்டர் கூலியையும் டிரை கிளீனிங் செலவையும் கூட்டி, எத்தனை தடவை போடப்போகிறீர்கள் என்பதால் வகுங்கள். அலமாரியில் ஏற்கெனவே இருக்கிற மூன்று துணியோடாவது சேருமா என்று நின்ற இடத்திலேயே யோசியுங்கள், சேராவிட்டால் திரும்ப மாட்டிவிடுங்கள். தேவை என்ன என்று ஒரு சின்னப் பட்டியல் வைத்திருப்பதும், குளிர்கோட்டைக் கோடையில் தேடுவதும், ஆண்கள் பெண்கள் என்று பிரித்து வைத்திருக்கிற வரிசைகளில் இரண்டு பக்கமும் பார்ப்பதும் பெரிய வித்தியாசம் செய்யும். தைக்க வேண்டிய துணி மூட்டை வீட்டில் ஏற்கெனவே கிடக்கிறதா? அது காலியாகும்வரை புதிதாக ஒரு கிழிசலும் வாங்காதீர்கள்.

உடுத்துவதில் எனக்கு ஒரே ஒரு விதி: தலையிலிருந்து கால்வரை ஒரே காலத்து உடையைப் போட்டால் வேஷம் கட்டிய மாதிரி ஆகிவிடும் (அது பிடித்தவர்கள் தாராளமாகக் கட்டலாம்), அதனால் பழையது ஒன்று, மற்றது எளிமையாக. நன்றாகத் தைத்த பழைய கம்பளிக் கோட்டும் சாதாரண ஜீன்ஸும் போதும். மெல்லிய துணியை நேரடியாக வியர்வை படாமல் உள்ளே ஒரு பனியன் போட்டுக் காப்பாற்றுங்கள். ஸ்வெட்டரை ஹேங்கரில் தொங்கவிட்டால் தோள் நீண்டு தொங்கும், மடித்து வையுங்கள். கம்பளியை ஒவ்வொரு தடவையும் துவைக்க வேண்டியதில்லை, பிரஷ்ஷால் தட்டி ஒரு இரவு காற்றாட விட்டால் போதும்.

முழங்கையில் இழை மெலிகிறது என்று தெரிந்த உடனே உள்பக்கம் ஒரு ஒட்டுத் துணி வைத்துத் தைத்துவிடுங்கள். ஓட்டை விழுந்த பிறகு தைப்பதைவிட இதற்கு நேரமும் நூலும் குறைவு. இனி தைக்கவே முடியாது என்ற நிலைக்கு வந்த சட்டையைக் கிழித்துத் துடைக்கிற துணியாக்கலாம், அதற்கு முன்னால் பட்டன்களையும், நன்றாக இருந்தால் ஜிப்பையும் பிரித்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்து வாங்குகிற துணியில் பட்டன் ஒன்று குறைந்தால் அதிலிருந்து ஒரே மாதிரி ஆறு எடுத்து மொத்தமாக மாற்றிவிடலாம்.