காலேஜ் சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டும் முன் ஒரு நோட்டை எடுத்து உட்காருங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே, ஏப்ரல் கடைசியிலேயே, வீட்டுக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "சார், கம்ப்யூட்டர் சயின்ஸ்ல நாலு சீட்தான் பாக்கி, இன்னைக்கு இருபத்தஞ்சாயிரம் கட்டினா பிளாக் பண்ணிடலாம்." போன வருடம் எங்கள் தெருவில் லோடு ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் இப்படி ஒரு போனை நம்பிப் பணம் கட்டிவிட்டு, ரசீதை என்னிடம் காட்ட வந்தார். ரசீதில் காலேஜ் பெயர் இல்லை, ஏதோ ஒரு டிரஸ்ட் பெயர் இருந்தது, எதற்கான தொகை என்ற இடத்தில் 'நன்கொடை' என்று எழுதியிருந்தது. அவர் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள். அரசு நடத்தும் இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது என்று சொன்னேன். "அது டாக்டர் படிப்புக்கு மட்டும்தானே?" என்று கேட்டார். 2020-ல் மருத்துவப் படிப்புக்கு வந்தது 2021-லேயே இன்ஜினியரிங், வேளாண்மை, சட்டம் என்று விரிந்துவிட்டது, ஆனால் அந்தச் செய்தி அவர் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் சேரப் போகிற பிள்ளைக்கு உதவித்தொகை என்று என்னவெல்லாம் இருக்கிறதோ அதில் பெரும்பகுதி கவுன்சிலிங் வழியாகச் சேருகிறவர்களுக்குத்தான். முதல் பட்டதாரி சலுகை (குடும்பத்தில் முதன்முதலாக டிகிரி படிக்கும் பிள்ளைக்கு), 7.5 ஒதுக்கீடு, பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவி, எதுவுமே காலேஜ் நிர்வாகமே நேரடியாக நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு வராது. ஆகவே கவுன்சிலிங் முடியும் வரை ஒரு ரூபாய் கூட யாருக்கும் கட்டாதீர்கள். 'சீட் போய்விடும்' என்ற பயத்தைத்தான் அவர்கள் விற்கிறார்கள். தமிழ்நாட்டில் நானூறுக்கும் மேல் இன்ஜினியரிங் காலேஜ் இருக்கிறது, கவுன்சிலிங் முடிந்த பிறகும் பல காலேஜில் இடம் காலியாகத்தான் கிடக்கும்.

சரி, நோட்டை எடுங்கள். ஒவ்வொரு காலேஜுக்கும் ஒரு பக்கம். மேலே காலேஜ் பெயர், கவுன்சிலிங் கோடு எண், படிப்பு. அதன் கீழே ஒரு வருடத்துக்கு ஆகும் செலவு: கல்விக் கட்டணம், பஸ் அல்லது விடுதி, மெஸ், தேர்வுக் கட்டணம், புத்தகம், ரெக்கார்டு நோட்டு, யூனிஃபார்ம், லேப்டாப், ஊருக்குப் போய்வரும் செலவு. காலேஜ் இணையதளத்தில் கல்விக் கட்டணம் மட்டும்தான் தெரியும், மற்றதை நேரில் கேட்டால்தான் சொல்வார்கள். 'பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங்' என்று தனியாக வருடத்துக்கு எவ்வளவு, பக்கத்து ஊர்ப் பிள்ளையும் காலேஜ் பஸ்ஸில்தான் வர வேண்டுமா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். பிறகு எல்லாவற்றையும் நான்கால் பெருக்குங்கள். பெருக்காமல் ஒரு வருடக் கணக்கோடு விடுகிறவர்கள்தான் மூன்றாம் வருடம் நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடுகிறார்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 2017-ல் கட்டண நிர்ணயக் குழு சுயநிதி காலேஜுகளுக்குக் கவுன்சிலிங் சீட்டுக்கு வருடம் 50,000, அங்கீகாரம் பெற்ற படிப்பு என்றால் 55,000, மேனேஜ்மென்ட் சீட்டுக்கு 85,000, 87,000 என்று வைத்தது. நீங்கள் சேரும் ஆண்டின் தொகையைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள், இங்கே நான் பார்ப்பது இடைவெளியை மட்டும். வீட்டிலிருந்து போய்வரும் சுயநிதி காலேஜில் கவுன்சிலிங் சீட், முதல் பட்டதாரி சலுகை 25,000 போக 25,000, பஸ் 30,000, இதர செலவு 15,000 என்றால் வருடம் 70,000, நான்கு வருடம் 2,80,000. அதே காலேஜ், அதே வகுப்பு, மேனேஜ்மென்ட் சீட் என்றால் 85,000, 30,000, 15,000 சேர்த்து வருடம் 1,30,000, நான்கு வருடம் 5,20,000. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வாத்தியாரிடம் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு இடையே 2,40,000 வித்தியாசம், அதுவும் நன்கொடை என்று எதுவும் வாங்கவில்லை என்று வைத்துக்கொண்டால்.

வெளியூரில் இருக்கும் அரசுக் காலேஜை 'ஹாஸ்டல் செலவு ஆகுமே' என்று ஒதுக்காமல் அதற்கும் ஒரு பக்கம் போடுங்கள். கோவை ஜி.சி.டி., காரைக்குடி அழகப்பா செட்டியார், சேலம், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் மிகக் குறைவு. மெஸ் மாதம் 3,500 என்று பத்து மாதம் 35,000, இதர செலவு 15,000, ஊருக்கு வந்துபோக 10,000 என்று போட்டால் கூட, கல்விக் கட்டணம் நீங்கலாக வருடம் 60,000-தான், அதாவது வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் சுயநிதி காலேஜின் 70,000-ஐ ஒட்டித்தான் வரும். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளில் (2025-லிருந்து சமூகநீதி விடுதி என்று பெயர்) இடம் கிடைத்தால் தங்குவதும் சாப்பாடும் இலவசம், அப்போது இது இன்னும் இறங்கும். இன்னொன்று, பி.எஸ்.ஜி., தியாகராஜர் மாதிரி அரசு உதவி பெறும் காலேஜுகளில் ஒரே வளாகத்துக்குள் உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும், கவுன்சிலிங் பட்டியலில் படிப்பின் பெயருக்குப் பக்கத்தில் 'எஸ்.எஸ்.' என்று போட்டிருந்தால் அது சுயநிதி. இதைக் கவனிக்காமல் சீட்டை எடுத்துவிட்டுக் கட்டணம் கட்டும் நாளில் திகைத்து நிற்கிறவர்கள் உண்டு.

இப்போது உதவித்தொகை. நோட்டில் இதை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள், உறுதியாக வருவது ஒரு பக்கம், வந்தால் உண்டு என்பது இன்னொரு பக்கம். முதல் பட்டதாரி சலுகை உறுதியானது, ஆனால் குடும்பத்தில் ஒருவருக்குத்தான், அக்கா வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவி. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு 2022-லிருந்து புதுமைப் பெண், ஆண் பிள்ளைகளுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய் பிள்ளையின் கணக்குக்கே வரும், பஸ் பாஸுக்கும் ஜெராக்ஸுக்கும் அது போதும். வந்தால் உண்டு வரிசையில் ஏ.ஐ.சி.டி.இ.யின் (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) பிரகதி முக்கியம்: முதல் வருடம் சேரும் பெண்களுக்கு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், வருடம் 50,000. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு இதே தொகை சக்ஷம் என்ற பெயரில். அப்புறம் மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை, பிளஸ் டூவில் முதல் 20 சதவீத இடத்துக்குள் வந்து வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் முதல் மூன்று வருடம் தலா 12,000, நான்காம் வருடம் 20,000. இந்த மூன்றும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் போட வேண்டியவை. ஒன்று வாங்கினால் இன்னொன்று கிடையாது என்ற நிபந்தனை பலவற்றில் உண்டு, ஆகவே எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துவிடாதீர்கள்.

உதவித்தொகை தாமதமாகத்தான் வரும், காலேஜ் முன்கூட்டியே கேட்கும். முதல் செமஸ்டர் பணம் கையில் இருக்க வேண்டும் என்றே திட்டமிடுங்கள். பணம் வராமல் நிற்பதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இனிஷியல்தான். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுதாக, மூன்றும் மூன்று ஆட்கள் மாதிரி இருக்கும். ஏப்ரல் மாதமே இந்த மூன்றையும் ஒரே மேஜையில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள், ஆதாரைத் திருத்த வேண்டுமென்றால் அப்போதே திருத்துங்கள், பிள்ளை பெயரில் ஆதார் இணைத்த கணக்கு ஒன்றும் திறந்துவிடுங்கள். சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்கும் ரிசல்ட் வரும் வரை காத்திருக்க வேண்டாம். மே மாதத்தில் இ-சேவை மையத்தில் ஊரே நிற்கும்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் '100% ஸ்காலர்ஷிப்' என்று பிளக்ஸ் வைப்பார்கள். அவை தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குள் வராதவை. அங்கே கேட்க வேண்டியது மூன்று: நூறு சதவீதம் என்பது கல்விக் கட்டணத்துக்கு மட்டுமா, நான்கு வருடத்துக்குமா, அதைத் தக்கவைக்க எவ்வளவு சி.ஜி.பி.ஏ. (மொத்த மதிப்பெண் சராசரி) வேண்டும். ஒரு அரியர் விழுந்தால் சலுகை ரத்து என்று இருந்தால் அந்தத் தொகையை உங்கள் கணக்கில் கழிக்கக் கூடாது. பதிலை வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

கழித்தது போக மிச்சத்துக்குக் கடன் வாங்குவதாக இருந்தால் அதையும் நோட்டிலேயே போட்டுப் பாருங்கள். வருடம் ஒரு லட்சம் வீதம் நாலு லட்சம், வட்டி 10 சதவீதம், படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை ஆரம்பம் என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000, அடுத்ததற்கு 40,000, அடுத்து 30,000, கடைசிக்கு 20,000. கட்ட ஆரம்பிக்கும் நாளில் நாலு லட்சம் 5,40,000 ஆகியிருக்கும். அதை ஏழு வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 9,000. பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேருகிறவருக்குப் பல ஆண்டுகளாகவே வருடம் மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் கொடுக்கிறார்கள், பிடித்தம் போகக் கையில் இருபத்தைந்தாயிரம் வந்தால் சென்னையில் பி.ஜி. (சாப்பாட்டோடு தங்குமிடம்) வாடகைக்கு ஒரு பங்கு, தவணைக்கு ஒரு பங்கு, வீட்டுக்கு என்ன மிஞ்சும் என்று பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, அந்தப் பிள்ளைதான் கட்டப் போகிறது, அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் உண்டு, வங்கியில் கடன் விண்ணப்பம் போடும்போதே அதைக் கேளுங்கள், காலேஜுக்கு நாக் அல்லது என்.பி.ஏ. என்ற தரச் சான்று அமைப்புகளின் அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்திலேயே இருக்கிறது.

வேலை விஷயத்தில், காலேஜ் காட்டும் அதிகபட்சச் சம்பளத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு வந்த நாற்பது லட்சம் உங்கள் பிள்ளைக்கு ஒன்றும் சொல்லாது. கேட்க வேண்டியது, போன வருடம் இந்தத் துறையில் படித்து முடித்தவர்கள் எத்தனை பேர், அதில் வேலையில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், நடுவில் இருக்கும் பிள்ளைக்கு எவ்வளவு சம்பளம். 'தகுதி பெற்றவர்களில் 95 சதவீதம்' என்றால் தகுதி பெறாதவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒருவருக்கு மூன்று கம்பெனியில் ஆஃபர் வந்தால் அதை மூன்றாக எண்ணும் வழக்கமும் உண்டு. தன்னாட்சி இல்லாத (தானே தேர்வு நடத்தாத) காலேஜ் என்றால் ஒவ்வொரு செமஸ்டருக்கும் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். வேலை நாளில் சாயங்காலம் காலேஜ் வாசல் பஸ் ஸ்டாப்புக்குப் போய் மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் பேசுங்கள். அவர்கள் மறைக்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸில் எத்தனை செக்‌ஷன், யார் பாடம் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். 2024-ல் ஏ.ஐ.சி.டி.இ. இடங்களின் உச்சவரம்பை நீக்கிய பிறகு ஒரே துறையில் ஏராளமாகச் சேர்க்க வழி வந்துவிட்டது, அத்தனை பேருக்கும் நல்ல ஆசிரியர் இருக்கிறார்களா என்பது தனிக் கேள்வி. சுமாரான காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸா, நல்ல அரசுக் காலேஜில் எலக்ட்ரிக்கலா என்று வந்தால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இதற்கெல்லாம் முன்னால் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும், என்ன ஆக வேண்டும் என்று. குரூப் 2, வங்கித் தேர்வு, ஐ.ஏ.எஸ். என்று சொன்னால் அதற்கு ஏதாவது ஒரு டிகிரி போதும், அரசு கலைக் கல்லூரியில் வருடம் சில ஆயிரத்தில் படித்துவிட்டு மிச்சப் பணத்தைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். சி.ஏ. என்றால் பி.காம். படித்துக்கொண்டே எழுதலாம். இன்ஜினியர்தான் ஆக வேண்டும், ஆனால் கையில் காசே இல்லை என்றால் அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் வருடம் சேரும் வழி இருக்கிறது. அதைத் தாழ்வாகப் பார்க்காதீர்கள், பட்டறையில் கைபட்டு வரும் பிள்ளைகள் வகுப்பில் தனியாகத் தெரிவார்கள்.

கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியல் போடும்போது, கிடைக்குமா என்று யோசித்து வரிசை போடாமல் உங்கள் நோட்டில் எது முதலில் வந்ததோ அந்த வரிசையிலேயே போடுங்கள். போன வருடம் உங்கள் பிரிவில் எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்று பார்த்துக்கொண்டு, கீழே பாதுகாப்பாக நிறையக் காலேஜ் சேருங்கள். ஒரே மாதிரிப் பெயரில் மூன்று காலேஜ் இருக்கும், ஒருவர் கோடு எண்ணை வாசிக்க இன்னொருவர் திரையில் சரிபார்க்க வேண்டும். இடம் ஒதுக்கிய பிறகு 'ஏற்றுக்கொள்கிறேன், மேலே உள்ளது கிடைத்தால் மாறிக்கொள்கிறேன்' என்ற வாய்ப்பு இருக்கிறது. முதல் சீட்டே பிடித்திருந்தால் தவிர, பெரும்பாலானவர்களுக்கு அதுதான் சரி.

எங்கள் தெருப் பெண்ணுக்கு 7.5-ல் அரசுக் காலேஜில் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) கிடைத்தது. கட்டிய இருபத்தைந்தாயிரத்தைத் திரும்ப வாங்கத்தான் அண்ணன் இரண்டு மாதம் அலைந்தார். குறித்த தேதிக்கு முன் சீட்டை விட்டால் அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழைக் காலேஜ் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஏ.ஐ.சி.டி.இ. விதி சொல்கிறது. ஆனால் அவர் கையில் இருந்தது கட்டண ரசீது இல்லையே, நன்கொடை ரசீது. நல்லவேளை, சான்றிதழ் எதையும் கொடுத்திருக்கவில்லை. கடைசியில் பதினைந்தாயிரம் வந்தது. அதில்தான் அவளுக்கு டிரங்குப் பெட்டியும் பக்கெட்டும் இரண்டு செட் சுடிதாரும் வாங்கி ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டார்கள்.