சதுரங்கத்தில் ஜி5-க்கு வெள்ளைக் குதிரை பாய்ந்தால் கறுப்பு என்ன ஆட வேண்டும்?

கட்டத்தின் பெயரில் எழுத்து வெள்ளையின் இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை, எண் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை. இரு பக்கமும் ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியாயிற்று. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை சி6. வெள்ளை பிஷப் சி4, கறுப்பின் இன்னொரு குதிரை எஃப்6. நான்காவது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை ஜி5-க்கு வந்தால் குறி எஃப்7 சிப்பாய்தான். அதற்கு ராஜா ஒருவரே காவல்; தாக்குவது இரண்டு காய்கள்.

குதிரையை விரட்ட எச்6 ஆடாதீர்கள், அதாவது சிப்பாயை எச்6-க்குத் தள்ளாதீர்கள். அது எஃப்7-ஐ வெட்டி ராணியையும் எச்8 யானையையும் சேர்த்துப் பிடிக்கும். சிப்பாயால் டி5 ஆடி பிஷப்பின் வழியை அடைத்துவிடுங்கள். வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டும்.

ஆட்டம் கெடுவது இங்கேதான். உடனே பதிலுக்கு வெட்டக் கை எஃப்6 குதிரைக்குப் போகும். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பதால் கையை மேசைக்குக் கீழே வைத்து யோசியுங்கள். அந்தக் குதிரை டி5-ஐ வெட்டினால், வெள்ளைக் குதிரை எஃப்7-இல் தன்னைப் பலி கொடுக்கும்; ராஜா வெட்டியதும் ராணி எஃப்3-இல் செக். டி5 குதிரையைக் காக்க ராஜா இ6-க்கு ஏற வேண்டிவரும். உடனே சி3-க்கு இன்னொரு குதிரை வந்து டி5-ஐ நெருக்கும். கறுப்புக்கு ஒரு காய் கூடுதல்தான். ஆனால் கடிகாரம் ஓடும்போது அந்த ராஜாவைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

சி6 குதிரையை ஏ5-க்கு எடுங்கள். சிப்பாயின் தாக்குதலிலிருந்து அது தப்பும், பிஷப்பும் தாக்கப்படும். பிஷப் பி5-இல் செக் கொடுத்தால் சி6 தள்ளி மறையுங்கள். வெள்ளைச் சிப்பாய் வெட்டும், பி சிப்பாயால் திருப்பி வெட்டுங்கள். பிஷப் இ2-க்குப் பின்வாங்கினால், இப்போது எச்6 சரி. குதிரை எஃப்3-க்குத் திரும்பும். இ4 தள்ளினால் இ5-க்கு ஓடும். பிஷப்பை டி6-இல் வைத்து மீண்டும் தாக்குங்கள்.

வெள்ளையின் பத்து நகர்த்தல்களை எண்ணிப் பாருங்கள்: ஒரே குதிரைக்கு நான்கு, ஒரே பிஷப்புக்கு மூன்று, மீதி மூன்றும் சிப்பாய். நீங்கள் இழந்த ஒரு சிப்பாய்க்கு வெள்ளை வீணாக்கிய இந்த நகர்த்தல்களே ஈடு. அதனால் சீக்கிரம் காஸ்லிங் செய்து (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றி) தாக்குங்கள்; ஆற அமர ஆடினால் ஏ5 குதிரை ஓரத்திலேயே கிடக்கும், வெள்ளையின் கூடுதல் சிப்பாய் கடைசியில் பேசும்.

பிஷப் இ2-க்குப் பதில் டி3-க்குப் போனால் எச்6 அவ்வளவு பயன் தராது. குதிரைக்கு இ4 கிடைத்துவிடும். எஃப்6 குதிரையை டி5-க்கு எடுங்கள்; ராணியின் வழி திறந்து ஜி5 குதிரை அடிபடும். பிஷப்பை பி5-இலேயே விட்டு ராணி எஃப்3-க்கு வந்தால் ஆசைப்பட்டு வெட்டாதீர்கள், ஏ8 யானை போய்விடும். யானையை முதலில் பி8-க்கு நகர்த்துங்கள்.

இந்தச் சிக்கலே வேண்டாம் என்றால் மூன்றாவது நகர்த்தலில் குதிரைக்குப் பதில் பிஷப்பை சி5-க்கு எடுக்கலாம். அப்போது ஜி5-க்கு வரும் குதிரையை ராணி நேராக வெட்டிவிடும்.